நிலாவுக்கு முந்தானை இல்லை

1

புத்தூர் ஸ்டுடியோவில் சேர்ந்த முதல் நாளே ஒரு கல்யாண போட்டோவைக் கெடுத்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், இங்கிலீஷ் கேட்டலாக் படிப்பவன் என்ற மிதப்பு. நெகட்டிவ் பிளேட்டை மாற்றிப் போட்டுவிட்டேன். பிரிண்டில் இடம் வலமாகிவிட்டது.

முதலாளி நாயுடு அதை என் மூக்குக்கு நேரே ஆட்டினார். "ஏமிரா அப்பாயி, பொண்ணு முந்தானை எந்தத் தோள்ல கீது?"

"வலத் தோள்ல, நாயுடுகாரு."

"உங்க ஊர்ல அப்படித்தான் கட்டிக்கினு வருவாங்களா? பிரிண்ட் போட்டதும் முதல்ல முந்தானையப் பாரு."

அதன்பின் அந்தத் தப்பு வரவே இல்லை. பெண்களுக்கு முந்தானை, ஆண்களுக்குச் சட்டைப் பை. இந்த இரண்டை வைத்தே தொழிலை ஓட்டிவிடலாம் என்று இருந்தேன்.

2

நிலாவைப் படம் எடுக்க வீட்டில் நான் செய்துவைத்திருந்த கருவி இதுதான்: மூக்குக் கண்ணாடிக் கடையில் வாங்கிய லென்ஸ் ஒன்று, மூன்றே கால் அடித் தகரக் குழாய், அதன் பின்னால் ஸ்டுடியோவில் கழித்துப் போட்ட அரை பிளேட் கேமராப் பெட்டி. ஷட்டர் கிடையாது. லென்ஸை மூடிய அட்டையை எடுத்து, "ஒண்ணு" என்று எண்ணி, மறுபடி மூட வேண்டும். துவைக்கல் மேல் மணல் மூட்டை வைத்து அதில் குழாயைச் சாய்ப்பேன். கொஞ்சம் ஆடினாலும் நிலா இரண்டாகிவிடும்.

அந்தப் புரட்டாசியில் என் மனைவி அம்சாவுக்கு ஐந்தாம் மாதம். முதல் கர்ப்பம் தங்கவில்லை. இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். படுத்த இடத்திலிருந்து கிழக்கு ஜன்னல்தான் தெரியும். அவளோ மாதம் தவறாமல் மேற்கே மூன்றாம் பிறை பார்ப்பவள். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பிறையின் வடகொம்பு உயர்ந்திருந்தால் நல்லது, தென்கொம்பு உயர்ந்தால் ஆகாது என்பது அவர்கள் வீட்டுக் கணக்கு.

"நான் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

"நீங்க சொன்னா நம்ப மாட்டேன். என்னைத் தேத்தறதுக்குப் பொய் சொல்லுவீங்க."

"சரி, போட்டோ எடுத்தாறேன். போட்டோ பொய் சொல்லாது இல்ல?"

அவள் முகம் தெளிந்தது. மூன்றாம் பிறையன்று பொழுது சாய்ந்ததும் மேற்கே குளத்தங்கரைப் பக்கம் குழாயைத் திருப்பினேன். மேகம் வந்து வந்து மறைத்தது. மணல் மூட்டை, அட்டை, ஃபோகஸ் என்று அல்லாடியதில் நிமிர்ந்து ஒரு தடவைகூட வெறும் கண்ணால் பிறையைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டேன். லென்ஸ் வழியாகப் படம் தலைகீழாகத்தான் விழும். பிளேட்டை அப்படியே அரை வட்டம் சுற்றி வைத்தால் நேராகிவிடும். அவசரத்தில் நான் தோசையைத் திருப்புவதுபோலத் திருப்பிப் போட்டேன். பிறை நேராகத் தெரிந்தது, சந்தோஷப்பட்டேன். முந்தானையைத் தேடலாம் என்றால் நிலாவுக்கு ஏது முந்தானை?

ஈரம் காயக் கட்டியிருந்த பிரிண்டை, படம் வாங்க வந்த சத்தியவேடுக்காரர் ஒருவர் உற்றுப் பார்த்தார். ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் நடுவே எல்லைக் கோட்டை எங்கே போடப்போகிறார்கள் என்பதே அப்போது ஊரெல்லாம் பேச்சு.

"நாயுடுகாரு, தென்கொம்பு தூக்கினு கீது பாருங்க. உங்க ஆளு நம்மளையெல்லாம் மெட்ராசுக்கு அனுப்பிட்டாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. தென்கொம்பா?

இதைக் காட்டுவதா, ஒளிப்பதா? அதற்குள் அம்சா கையை நீட்டிவிட்டாள். பார்த்தாள். இன்னொரு கை தானாக வயிற்றின் மேல் போய் உட்கார்ந்தது.

"அம்சா, நான் பிளேட்டை மாத்திப் போட்டிருப்பேன்" என்றேன்.

"பாத்தீங்களா, தேத்த ஆரம்பிச்சிட்டீங்க."

போட்டோ பொய் சொல்லாது என்றவன் நான்தானே.

அவள் படத்தை விளக்கருகே பிடித்தாள். பிறைக்குக் கீழே இரண்டு பனைமரங்கள் மங்கலாக விழுந்திருந்தன. நான் அவற்றைக் கவனிக்கவே இல்லை.

"இன்னாங்க, நம்ம குளத்தங்கரை மொட்டைப் பனை எந்தப் பக்கம்?"

"சோத்துக்கை பக்கம்."

"இதுல பீச்சாங்கை பக்கம் கீதே!" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவரு குளத்தையே தூக்கித் திருப்பி வெச்சிட்டாரு!"

கட்டில் ஆட ஆடச் சிரித்தாள். "சிரிக்காதே, டாக்டரம்மா திட்டுவாங்க" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் சரியாகப் போட்ட பிரிண்டில் மொட்டைப் பனை வலப்பக்கம் நின்றது, வடகொம்பு உயர்ந்திருந்தது. படத்தைப் பார்த்ததும் அம்சா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறை கண்டவுடன் பிடித்த முகத்தைப் பார்ப்பதும் அவர்கள் வீட்டு வழக்கம்.

3

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு சொல்வேன். வானத்தை எடுக்கும்போது ஓரத்தில் ஒரு மரத்தையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் பார்ப்பதற்கு முன்னால் வெறும் கண்ணால் ஒரு தடவை பாருங்கள்.

தை மாதம் எங்களுக்குப் பெண் பிறந்தது. மூன்றாம் மாதம் போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குத் தூக்கி வந்தாள் அம்சா. குழந்தையின் ஒரு கன்னத்தில் பெரிதாக மைப் பொட்டு.

"திருஷ்டிக்கா?" என்றார் நாயுடு.

"திருஷ்டிக்கு நெத்தியில வெச்சிருக்கேன் நாயுடுகாரு. இது இவருக்கு" என்றாள். "இடக் கன்னம். மாத்திப் போட்டுடப் போறாரு."