ஷெட்டுக்குள் அண்ணன் தம்பி இல்லை

இனிமேல் அலுவலகத்தில் யாரும் யாரையும் சார், மேடம், அண்ணன், அக்கா என்று கூப்பிடக் கூடாது, திங்கட்கிழமை முதல் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். கட்டின புருஷனைப் பெயர் சொல்லாத அம்மாக்கள் பெற்ற பிள்ளைகள் நாங்கள். எங்களிடம் போய் இந்த உத்தரவு.

அப்போது நான் மன்னார்புரம் பக்கத்தில் ஒரு பார்சல் சர்வீஸின் டிப்போ மேனேஜர். முன்பு அது பாலக்கரையில் ஒரு குடும்பம் நடத்திய கம்பெனி. வெளியூர்ப் பெரிய கம்பெனி ஒன்று அதை வாங்கி, சந்துக்குள் இருந்த கிடங்கை மூடி, மன்னார்புரத்தில் பெரிய ஷெட் போட்டது. முதலாளி மாறினார், பில் போடும் முறை மாறியது, வண்டிகளின் நிறம் மாறியது. அத்தனையையும் நின்று நடத்தியவள் நான்தான். இடம் மாற்றியபோது ஒரு மூட்டைகூடத் தொலையவில்லை. பெருமை பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பேசத்தான் செய்கிறேன். அதனால் மாற்றம் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். ஆனால் இது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

எங்கள் ஷெட்டில் சொந்தம் கொண்டாடாமல் ஒரு வேலையும் நடக்காது. லோடு ஏற்றுபவர்கள் எல்லோரும் அண்ணன், தம்பி, மாப்பிள்ளை. டீ கொண்டுவரும் பெண்மணி சித்தி. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறேன் என்பதால் முதுகுக்குப் பின்னால் என்னை மாமி ஆக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் குழம்பு கொதிக்கும், அதைச் சொன்னாலும் யாரும் நம்பத் தயாராக இல்லை. சரி, மாமி என்றால் மாமி. மாமி சொன்னால் வேலை நடந்தது, எனக்கு அது போதும்.

அந்த உத்தரவு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் டிஸ்பாட்ச் பொறுப்புக்கு ஒரு பெண்ணைப் போட்டிருந்தேன். எந்த வண்டியில் எந்தச் சரக்கு ஏறுவது, எந்த வண்டி எப்போது கிளம்புவது என்று முடிவு செய்கிற வேலை அது. அதுவரை அதில் பெண் யாரும் இருந்ததில்லை. புக்கிங் கவுண்டரில் இருந்தவள், முப்பது வயது இருக்கும், பாலக்கரை தேவாலயத்துக்குப் பின்தெருவில் வீடு. கவுண்டரில் எவ்வளவு பெரிய சண்டை வந்தாலும் குரலை உயர்த்தாமல் முடித்து அனுப்புவாள், அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். தலைமையகம் அரைமனதாக ஒப்புக்கொண்டது. பொங்கல் வரை பார்ப்போம், வண்டிகள் நேரத்துக்குக் கிளம்பாவிட்டால் அங்கிருந்தே ஓர் ஆளை அனுப்புகிறோம் என்றார்கள். அவள் திரும்பக் கவுண்டருக்குப் போக வேண்டியதுதான். இன்னொரு பெண்ணை அந்த நாற்காலிக்கு நான் மறுபடி சிபாரிசு செய்யவே முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

வண்டிகளோ கிளம்புகிற பாடாக இல்லை. பாலக்கரை நாள்களிலிருந்தே எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரிந்த பார்ட்டி போன் செய்து, "அண்ணே, சரக்கு வந்துக்கிட்டே இருக்கு, செத்த நேரம் நிறுத்துங்க" என்றால் வண்டி நிற்கும். டிரைவர் நிறுத்துவார். வியாபாரிக்கும் டிரைவருக்கும் இடையிலுள்ள மரியாதை அது. ஒரு கடைக்காரருக்குக் காட்டும் அந்த மரியாதைக்காக, ஏற்கெனவே ஏறிவிட்ட மற்ற கடைக்காரர்களின் சரக்கு வெயிலில் காயும்.

இதில் முதல் ஆள் ஸ்ரீரங்கம் வண்டியின் டிரைவர். கம்பெனியிலேயே மூத்தவர், தங்கமான மனிதர். அந்தப் பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தவர் அவர்தான். அவள் அவரை அண்ணே என்பாள், அவர் அவளைப் பாப்பா என்பார். இருவருக்கும் நடுவில் தினமும் ஒரே உரையாடல்தான்.

"அண்ணே, நேரமாச்சு, வண்டிய எடுங்கண்ணே."

"எடுத்துடலாம் பாப்பா. நீ போய் ஒரு காபி குடிச்சிட்டு வா."

அவள் காபி குடித்துவிட்டு வருவாள். வண்டி நின்றுகொண்டிருக்கும். அவரோ சிரித்துக்கொண்டிருப்பார். கோபப்படக்கூட வழி இல்லாத சிரிப்பு.

இந்த லட்சணத்தில்தான் பெயர் சொல்லும் திங்கட்கிழமை வந்தது. அன்று ஷெட் ஊமையாகிவிட்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தொண்டையைச் செருமினார்கள், கைதட்டினார்கள், மூட்டையைத் தட்டினார்கள். எதிரே நிற்கிற ஆளுக்குப் போன் போட்டு, அவர் எடுத்ததும், "இங்க திரும்புங்க" என்றார் ஒருவர். டீக்காரச் சித்தி மட்டும், "எனக்கு எந்தக் கம்பெனியும் சம்பளம் கொடுக்கல" என்று சொல்லிவிட்டு எல்லோரையும் வழக்கம்போலக் கூப்பிட்டார்.

நான் இந்த உத்தரவைக் கொண்டுவந்த பயிற்சி அதிகாரிக்குப் போன் செய்தேன். என் மகன் வயதுப் பையன், நல்ல பிள்ளை.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா மேல கீழங்கிற எண்ணம் போயிடும் மேடம். எல்லாரும் சமம்ங்கிற கல்ச்சர் வரும்" என்றான்.

"ரொம்ப நல்லது. எங்க, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க தம்பி, கேப்போம்."

"அது வந்து மேடம்..." என்றான். போனை வைத்துவிட்டு மறுபடி சிரித்தேன். அந்த வாரத்தோடு உத்தரவைச் சத்தமில்லாமல் கிடப்பில் போட்டுவிடுவது என்று முடிவும் செய்துவிட்டேன்.

வாரக் கடைசியில் அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பேர் சொல்ற ரூல நிறுத்தப் போறீங்கன்னு சொல்றாங்க மேடம்."

"ஆமா. கவலைப்படாத, திங்கட்கிழமையிலேருந்து எல்லாம் பழையபடிதான்."

"நிறுத்தாதீங்க மேடம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அவரப் பேர் சொல்ல எனக்கும் வாய் வராது மேடம். ஆனா அண்ணேன்னு ஆரம்பிச்சா அடுத்த வார்த்தை தானா கெஞ்சலா வருது. வண்டிய எடுங்கன்னு நான் சொல்றது வேலை. அது அண்ணன்கிட்ட பூ வாங்கிட்டு வரச் சொல்ற மாதிரி ஆயிடுது. அவரும் ஆகட்டும் போம்மான்னுடறாரு. இந்த வாரம் என்னை எப்படிக் கூப்பிடறதுன்னு அவருக்குத் தெரியல. அதனால காபி குடின்னு சொல்ல முடியல. வண்டி கிளம்பிடுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அதுவரை அந்தச் சொந்தப் பெயர்களில் நான் பார்த்தது அன்பை மட்டும்தான். மாமி என்று கூப்பிட்டவர்கள் எனக்கு அடங்கி நடந்தார்கள். பாப்பா என்று கூப்பிட்டவர்கள் இவளை அடக்கி வைத்திருந்தார்கள். தலைமையகத்துப் பையன் சொன்னதில் பாதி சரிதான், ஆனால் மருந்தைத்தான் ஊர் தெரியாமல் எழுதிவிட்டான்.

"சரி. அண்ணனும் வேண்டாம், பேரும் வேண்டாம். வேற எப்படிக் கூப்பிடுவ?"

அதையும் யோசித்துத்தான் வந்திருந்தாள். போனில் பேசும்போது டிரைவர்கள் தங்களை லால்குடி வண்டி, மணப்பாறை வண்டி என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். ஷெட்டிலும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்றாள். லால்குடி, கிளம்புங்க. மணப்பாறை, லோடு முடிஞ்சுதா. அவளை எல்லோரும் டிஸ்பாட்ச் என்று கூப்பிடட்டும்.

அன்றே அமல்படுத்தினேன். ஷெட்டுக்குள் அண்ணன் தம்பி இல்லை, கேட்டுக்கு வெளியே போய் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னேன். தலைமையகத்துக்கு, உங்கள் திட்டத்தின் முதல் கட்டம் வெற்றி என்று ஒரு மெயில் போட்டேன். முதல் கட்டம் என்று போட்டுவிட்டால் யாரும் அதற்கு மேல் கேள்வி கேட்பதில்லை.

மற்ற டிரைவர்களுக்கு இது விளையாட்டாகிவிட்டது. இரண்டு நாளில் பழகிவிட்டார்கள். ஸ்ரீரங்கம் வண்டி டிரைவர்தான் என்னிடம் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"அந்தப் பொண்ணு என்னை அண்ணேன்னு கூப்பிட மாட்டேங்குதுங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்? கூடப் பொறந்தவளாத்தானே நெனச்சேன்."

"அதுலதாங்க சிக்கலே. தங்கச்சி சொன்னா எந்த அண்ணன் உடனே எழுந்திருப்பான்? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. வீட்டு உறவு வீட்ல இருக்கட்டும்."

"அப்ப இங்க நான் யாரு?"

"ஸ்ரீரங்கம் வண்டி."

வாங்கி வைத்த டீயைக் குடிக்காமலே போய்விட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை கொஞ்சம் ஏறிவிட்டால் கோயிலுக்கு வரும் கூட்டத்துக்காக ஸ்ரீரங்கம் போகும் காவிரிப் பாலத்தில் சரக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், அதுவும் விட்டால்தான். அன்று காலை ஸ்கூட்டரில் ஸ்ரீரங்கம் தீவைவிட்டு வெளியே வருவதற்கே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. ஸ்ரீரங்கம் வண்டியில் பூஜைச் சாமான் கடைகளின் சரக்கு, ஹோட்டல்களின் சரக்கு, மருந்துப் பெட்டிகள் எல்லாம் ஏறிவிட்டன. கதவை மூடும் நேரத்தில் டிரைவரின் போன் அடித்தது. பாலக்கரைப் பாத்திரக் கடைக்காரர், பழைய பார்ட்டி. ஆட்டோவில் சரக்கு ஏற்றிவிட்டாராம், வந்துகொண்டே இருக்கிறதாம்.

டிரைவர் வண்டியில் ஏறாமல் நின்றார். அவள் அவரிடம் போனாள். என் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் எல்லாம் நடந்தது, கதவும் திறந்திருந்தது.

"ஸ்ரீரங்கம், கிளம்புங்க."

"ஆட்டோ வந்துடும். அவரு எவ்வளவு நாள் பார்ட்டி தெரியுமா உனக்கு?"

"தெரியும். அவர் சரக்கு அடுத்த நடைக்குப் போகும். நான் அவர்கிட்ட பேசிக்கிறேன். நீங்க கிளம்புங்க."

"சொன்னாக் கேளு பாப்பா."

லோடு ஏற்றியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். என் கால்கள் தானாக எழப்பார்த்தன. நான் வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் வண்டி அந்த நிமிடமே கிளம்பியிருக்கும். கூடவே அவளுடைய பதவியும் கிளம்பியிருக்கும். நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிர்வாகம் என்று சொல்லிக்கொள்ளும் இந்தத் தொழிலில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான்.

"நீங்க எடுக்கலைன்னா லால்குடியை இதுல ஏத்தி அனுப்புவேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "எனக்கு அதுல விருப்பம் இல்ல. ஆனா அனுப்புவேன்."

அவர் திரும்பி என் அறையைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். திரையில் என்ன இருந்தது என்று இன்று கேட்டால் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துக் வண்டிக் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது, பிறகு இன்ஜின் சத்தம். பாலம் அடைபடுவதற்கு முன்னால் வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் மாம்பழச்சாலையைத் தாண்டிவிட்டதாகத் தகவல் வந்தது.

பாத்திரக் கடைக்காரர் அவளிடம் கத்தினார், அவள் அசையவில்லை. என்னிடமும் கத்தினார். "டிஸ்பாட்ச் சொன்னதுதாங்க முடிவு" என்றேன். வேறு கம்பெனிக்குப் போய்விடுவேன் என்றார், போகவில்லை. அவருடைய ஆட்டோ அதன் பிறகு கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது.

பொங்கலுக்கு முன்பே தலைமையகம் அவளை நிரந்தரமாக்கியது. ஷெட்டில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள். ஸ்ரீரங்கம் வண்டி டிரைவரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார், ஆனால் அவளிடம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் இடையில் இனிப் பேச்சு இருக்காது, அது இந்த மாற்றத்துக்கு நாங்கள் கொடுத்த விலை என்று நினைத்துக்கொண்டேன். வருத்தம்தான். ஆனாலும் அந்த விலையை மறுபடியும் கொடுக்கச் சொன்னால் கொடுப்பேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில் அவர் என் அறைக்கு வந்தார்.

"கவுண்டர்ல ஆள் எடுக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். என் பொண்ணு டிகிரி முடிச்சிருக்கா."

"அப்ளிகேஷன் கொடுக்கச் சொல்லுங்க. ஆனா கவுண்டரும் இப்ப டிஸ்பாட்ச் பொறுப்புலதான் இருக்கு. அங்கதான் இன்டர்வியூ. நான் சிபாரிசு பண்ண மாட்டேன்."

"சிபாரிசு கேட்டு வரலீங்க." அவர் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே அந்தப் பெண் மணப்பாறை வண்டிக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "என் பொண்ணு வீட்ல வாயே திறக்க மாட்டா. நாங்க என்ன சொன்னாலும் சரிம்பா. நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போற எடத்துலயும் அப்படித்தான் நிப்பா. அவங்ககிட்ட இருந்தா, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லக் கத்துக்குவா."

"அதை நீங்களே அவங்ககிட்ட சொல்லலாமே."

"சொல்லிட்டேங்க" என்றார். "தகுதி இருந்தா எடுப்பேன்னு சொல்லிட்டாங்க."