அரை குரோஸ்

பாண்டிச்செல்வி பஸ்ஸில் ஏறினால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. ஏறி இறங்குகிறவர்களின் நடையைத்தான் பார்ப்பாள். நாரணாபுரத்திலிருந்து விருதுநகர் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு ஒரு வகுப்பே முடிந்துவிடும். நாள் முழுக்கச் சம்மணம் போட்டுப் பட்டாசுக் குழாயில் வெடிமருந்து அடைத்தவள் படியில் இறங்கும்போது இடுப்பை முதலில் விடுவாள். கால் பிறகுதான் வரும். திருத்தங்கலில் ஏறும் அச்சாபீஸ்காரனுக்கு ஒரு தோள் தாழ்ந்திருக்கும். மனிதன் வேலையைச் செய்கிறான் என்று சொல்வது பாதி உண்மை. வேலையும் அவனைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

அவள் அம்மா முருகம்மாள் பட்டாசுக்குத் திரி செருகியே மகளை மதுரையில் இயன்முறை மருத்துவம் படிக்கவைத்தாள். படிப்பு முடிந்து வந்த அன்று பக்கத்து வீட்டு சொர்ணலட்சுமி விசாரிக்க வந்தாள்.

"ஏத்தா, ஒம் மக ஊசி போடுவாளா?"

"போட மாட்டா."

"மருந்தாவது எழுதுவாளா?"

"அதுவும் இல்ல மதினி."

"பெறகு என்னத்தத்தான் செய்வா?"

"கை கால அசைக்கச் சொல்லிக் குடுப்பா."

"அதுக்கா நாலரை வருசம்? எம் பேரன் பொறந்த அன்னைக்கே அசைச்சானே!"

முருகம்மாளும் சேர்ந்து சிரித்துவிட்டாள். பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. தானாக வருகிற வரைக்கும் அசைவு யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

விருதுநகரில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியின் மாடியில் அவளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். இரண்டாயிரத்து ஆறாம் வருடம், தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஆமத்தூர் வெள்ளைத்தாய் அங்கே வந்தாள். முப்பத்தைந்து வயது. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து உரசிப் பிடித்த தீயில் வலது உள்ளங்கையும் விரல்களும் வெந்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருந்தார்கள். விரல்கள் உள்ளே மடங்கத் தொடங்கியிருந்தன.

"மடக்கி வச்சாத்தான் சொகமா இருக்கு டாக்டரம்மா."

"சொகமா இருக்கேன்னு விட்டா அப்பிடியே பூட்டிக்கிரும்க்கா. வலிக்கிற பக்கந்தான் நீட்டணும்."

"நீட்டுறேன். தையில தம்பிக்குக் கல்யாணம். பந்தியில ஒக்காந்து எங் கையால அள்ளிச் சாப்பிடணும். அம்புட்டுதான் கேக்கேன். மக ஊட்டி விடுதா, சோறு எறங்கமாட்டேங்குது."

விரல்களை மெல்ல விரித்து, முப்பது எண்ணும்வரை பிடித்து, மெல்ல விட வேண்டும். ஒரு தரத்துக்குப் பத்து. ஒரு நாளைக்கு ஆறு தரம். வெள்ளைத்தாயின் முகம் வாடுவதைப் பார்த்து, தைரியம் சொல்வதற்காகப் பாண்டிச்செல்வி தன் வீட்டுப் பேச்சை எடுத்தாள். பட்டாசுக் குழாய்க்கு அம்மா மாதிரி ஆட்கள் கூலி வாங்குவது குரோஸ் கணக்கில். நூற்று நாற்பத்து நான்கு சேர்ந்தால் ஒரு குரோஸ்.

"மொத்தம் அறுபதுதான்க்கா. அரை குரோஸ்கூட இல்ல. ஒங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

வெள்ளைத்தாய் சிரித்தாள். அவளுக்கு அது பளிச்சென்று புரிந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பாண்டிச்செல்வி தன்னைக் கொஞ்சம் மெச்சிக்கொண்டாள். வேறு ஊர்க்காரி இப்படிச் சொல்லியிருக்க முடியாது என்று.

முதல் நான்கு வாரம் கை சொன்னபடி கேட்டது. பள்ளிக்கூடப் பாகைமானி போன்ற கருவியை விரல் கணுவில் வைத்து அளந்தால் ஒவ்வொரு வாரமும் நான்கு பாகை, ஐந்து பாகை கூடியிருந்தது. நான்காம் வாரம் வெள்ளைத்தாய் ஒரு டம்ளரைப் பிடித்துக் காட்டினாள்.

தீபாவளி முடிந்து வந்த திங்கட்கிழமை கையைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். முகத்தில் பெருமை.

"நாலு நாளு வேலையவும் முன்கூட்டியே முடிச்சிட்டேன் டாக்டரம்மா. தீவாளிக்கு வீட்டுல சொந்தக்காரக. அதான் ஒரே இருப்புல ஒக்காந்து ரெண்டு குரோஸாப் போட்டு எடுத்திட்டேன்."

பண்டிகை லீவுக்கு முன்னால் கம்பெனியில் அப்படித்தான் செய்வார்கள்.

"எப்பிடிச் செஞ்சீக? செஞ்சு காட்டுங்க."

இடது கையால் வலது விரல்களைச் சடக் சடக்கென்று விரித்து விட்டாள். குழாய் அடுக்குகிற அதே வேகம். பதினைந்து வருடம் பழகிய வேகம்.

"ஒவ்வொண்ணுக்கும் முப்பது எண்ணச் சொன்னேனேக்கா!"

"முப்பது எண்ணிக்கிட்டிருந்தா என்னைக்கு முடியிறது? நீங்க வேற."

துணியை அவிழ்த்தார்கள். விரல் இடுக்குகளில் புதுத்தோல் கிழிந்து சீழ் வைத்திருந்தது.

மதுரையிலிருந்து வரும் அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு, "யாரும்மா இந்த மாதிரிச் செய்யச் சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லலைங்கய்யா. நாந்தான் ஆசைப்பட்டுக் கூடச் செஞ்சிட்டேன்" என்றாள் வெள்ளைத்தாய்.

பாண்டிச்செல்வி பக்கத்தில்தான் நின்றாள். வாய் திறக்கவில்லை. எண்ணிக்கை கூலிக்கு உரியது, அசைவுக்கு உரியதில்லை என்பது அவள் படித்த விஷயம்தான். எண்ணிக்கையிலேயே வாழ்ந்த ஒருத்தியிடம் அதையே ஊன்றுகோலாகக் கொடுத்ததும் அவள்தான். மருத்துவர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

புண் ஆற மூன்று வாரம் கையைக் கட்டிப்போட்டார்கள். கட்டை அவிழ்த்தபோது நான்கு விரல்களும் உள்ளங்கையில் ஒட்டினாற்போல் மடங்கியிருந்தன. அளக்கும் கருவியை உள்ளே நுழைக்க இடமில்லை. அதன் பிறகு வெள்ளைத்தாய் மாடிக்கு வரவில்லை.

தையில், கல்யாணத்துக்கு அழைப்பு வந்ததைச் சாக்காக வைத்துப் பாண்டிச்செல்வி ஆமத்தூருக்குப் போனாள். பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. வெள்ளைத்தாயை அங்கே காணோம். சமையல் நடந்த கொட்டகைக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையில் கரண்டி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆளைக் கண்டதும் கரண்டியைத் தட்டுக்கடியில் தள்ளினாள்.

"வாங்க டாக்டரம்மா. எப்ப வந்தீக? சாப்பிட்டீகளா?"

"அக்கா, குரோஸ் கணக்க நான் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது. அன்னைக்கு அவரு கேக்கையிலயே சொல்லியிருக்கணும்."

"சொன்னா மட்டும் கை திறந்திருக்குமாக்கும்? விடுங்க."

"மதுரையில திரும்பக் கீறித் தோல் வைக்கலாம்க்கா. நான் கூட வாரேன்."

வெள்ளைத்தாய் மூடிய கையை மடியில் வைத்துப் பார்த்தாள்.

"வச்சா, பெறகு தெனமும் எத்தனை செய்யணும்?"

பாண்டிச்செல்வி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எந்த எண்ணைச் சொன்னாலும் இந்தப் பெண் அதை முடித்துவிடப் பார்ப்பாள். எண்ணே இல்லை என்றால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

"ஒங்களுக்கே தெரியல பாருங்க" என்றாள் வெள்ளைத்தாய். குரலில் குத்தல் இல்லை. "வேண்டாம்மா. திரும்பத் திரும்பத் தொடையில தோலு உரிக்க எனக்குத் தெம்பு இல்ல. நீங்க போயிப் பந்தியில ஒக்காருங்க. இங்கன நின்னா என்னால சாப்பிட முடியாது."

பந்தியில் இலை போட்டார்கள். சோற்றைப் பிசைய விரல்கள் எந்த வரிசையில் குவிகின்றன, கட்டைவிரல் எப்போது எதிரே வருகிறது என்று பரீட்சையில் எழுதித் தேறியவள் அவள். அன்று தன் கையைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள்.