அப்பாவின் வயிற்றில் விழுந்த உதை

கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறைவுறும் எங்கள் அன்பு அப்பா காரோடு ஊரில் பிறந்தார்கள். உதியன்குளங்கரையில் வெல்டிங் பட்டறை வைத்து எங்களைப் படிக்க வைத்தார்கள். சாந்த குணத்தவர் என்று நான் எழுதினால் படிக்கிற நீங்களே சிரிப்பீர்கள். கோபம் வந்தால் சோற்றுத் தட்டு முற்றத்தில் கிடக்கும், அம்மாவின் கன்னம் வீங்கியிருக்கும். பிள்ளைகள் நாங்களும் தப்பியதில்லை. எங்களுக்காகப் பட்டறை நெருப்பில் வெந்ததும் அதே கைதான்.

எல்லைச் சுவர்த் தகராறில் அப்பா தம் தம்பியின், அதாவது எங்கள் சித்தப்பாவின், தலைக்குக் கம்பியை ஓங்கினார்கள். சித்தப்பா வயிற்றில் உதைத்தார். அப்பா சுருண்டு விழுந்தார்கள். போலீஸில் கொடுக்க ஆதாரம் வேண்டும் என்று மறுநாள் அப்பாவே கேட்டு எடுத்த ஸ்கேனில், கணையத்தில் ஒரு நீர்க்கட்டி தெரிந்தது.

அடிபட்டாலும் கணையத்தில் நீர் கட்டும், ஆனால் அதற்குச் சில வாரங்களாவது ஆகும் என்றார் டாக்டர். இது தடித்த சுவரும் உள்ளே தடுப்புகளும் உள்ள பழைய கட்டி. புற்றாகக்கூடியதா என்று அறிய வாய்வழியே குழாய் இறக்கி, ஊசியால் நீரெடுத்துப் பார்க்க வேண்டுமாம். அப்பா எழுந்து வெளியே வந்துவிட்டார்கள்.

"அது வேற கட்டின்னு எழுதிட்டா அவன் தப்பிச்சிருவான் மக்கா. இது அவன் வயித்துல சவிட்டினதுல வந்ததாக்கும்" என்றார்கள் மூத்த மகளான என்னிடம்.

மாதங்கள் போயின. முதுகு வலி தாங்காமல் சுவரில் முட்டிக்கொண்டார்கள். மருந்து நீட்டிய அம்மாவை அறைந்தார்கள். உடம்பு பாதியானது. ஊசிப் பேச்சை எடுத்த எல்லோரும் வசை வாங்கினோம்.

ஒரு நாள் சித்தப்பா வீட்டுக்குள் வந்தார். அப்பா வெந்நீர் பிளாஸ்க்கை எடுத்து எறிந்ததில் அவர் நெற்றி பிளந்தது. ரத்தத்தைத் துடைக்காமலே நின்றார்.

"அண்ணா, நான் சவிட்டினதுனாலதான்னு ஸ்டேஷன்ல எழுதித் தாறேன். ஜெயிலுக்கும் போறேன். நீங்க அந்த ஊசிய மட்டும் வைக்க விடுங்க."

மறுநாள் அப்பா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். எடுத்த நீர் கோழையாக வந்தது. புற்றுதான், ஈரலுக்கும் பரவியிருந்தது. அறுவைக்குக் காலம் கடந்துவிட்டது என்றார் டாக்டர். கடைசி நாட்களில் அப்பாவைக் குளியலறைக்குத் தூக்கிச் சென்றது சித்தப்பாதான். அப்போதும் அப்பா அவர் நெஞ்சில் குத்துவார்கள். குத்தில் பலம் இருக்காது.

மருத்துவர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், பாறசாலையிலிருந்து வண்டி கொண்டுவந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தப்பா மேல் அப்பா கொடுத்திருந்த போலீஸ் புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டோம்.

சித்தப்பா, நீங்கள் உதைத்திராவிட்டால் அந்த ஸ்கேனே எடுத்திருக்க மாட்டோம். அப்பா பிழைக்க இருந்த ஒரே வழி உங்கள் காலால் வந்தது. அப்பா அதை வழக்காக்கிக்கொண்டார்கள். அவர்கள் சொல்லாமல் போன நன்றியை நான் சொல்கிறேன்.