ஓட்டம் முடியும் இடத்தில் ஒரு நீலச் சட்டை

எங்கள் வீட்டில் யாரும் எதையும் எடுத்த எடுப்பில் நம்பியது கிடையாது. அப்பாவின் வேலை அப்படி. ஓசூரில் பைக் உதிரிபாகம் செய்யும் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரே மாதிரி வந்து விழுகிற பீஸ்களை ஒவ்வொன்றாக அளவு பார்க்கும் கேஜில் போட்டுப் பார்ப்பார். சரியாக நுழைந்தால் ஓகே, இல்லையென்றால் சிவப்புத் தொட்டி. எட்டு மணி நேரம் அதையே செய்துவிட்டு வருகிறவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சந்தேகத்தையும் கழற்றி வைத்துவிடுவாரா என்ன? பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். எனக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை முதலில் தன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் வாயில் வைப்பார். தெர்மாமீட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமாம்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சினிமாக்காரர்கள் ஆப்பிளோடு வந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. மே மாத விடுமுறை.

வந்தவர்கள் இரண்டு பேர். தாடி வைத்த ஒல்லி ஆள் டைரக்டர். அவர் பேசவே இல்லை. பேசியதெல்லாம் பெங்களூரிலிருந்து வந்த மானேஜர். அவர்கள் கேட்டு வந்தது என் அத்தையை. அப்பாவின் ஒரே தங்கை. கோவில்பட்டியில் தாத்தா இறந்த பிறகு, பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஓசூர் வந்தவள். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை. விடியற்காலையில் மைதானத்தில் ஓடிவிட்டு, குளித்து, கம்பெனி பஸ் ஏறுவாள். நானூறு மீட்டரில் ஓசூர் கம்பெனிகள் எதிலும் அவளை முந்த ஆள் கிடையாது என்பார்கள். அப்பா அதையும் நேரில் போய்ப் பார்த்ததில்லை. ஷிஃப்ட் இருக்கும். ஷிஃப்ட் இல்லாத நாளில் தூக்கம் இருக்கும்.

படம் ஒரு காதல் கதை. தடகளப் போட்டிக்கு வந்த இடத்தில் ஒரு ஓட்டக்காரிக்கும் ஈட்டி எறிகிறவனுக்கும் காதல். மைதானத்தையும் கூட்டத்தையும் காசு கொடுத்து ஏற்பாடு செய்ய அவர்களிடம் வசதி இல்லை. அதனால் கிருஷ்ணகிரியில் நடக்கவிருந்த கம்பெனிகளுக்கு இடையிலான நிஜப் போட்டியிலேயே கேமராவை வைத்துவிடுவது என்று திட்டம். நாயகிக்கு ஓட வராது. எனவே அத்தை ஓடுவாள். வழக்கமாக நாயகிக்கு ஏற்ற டூப்பைத் தேடுவார்கள். இங்கே அத்தையின் கம்பெனி மஞ்சள் பனியன் மாதிரியே ஒன்று வாங்கி, அதே நாற்பத்தேழாம் எண்ணை ஒட்டி, டூப்புக்கு ஏற்றபடி நாயகியை உடுத்தப்போகிறார்கள். கதைப்படி நாயகி ஜெயிக்க வேண்டும். ஆகவே அத்தை தோற்கக் கூடாது.

"நீட்டான சப்ஜெக்ட் சார். தங்கச்சி ஓடுனா போதும். மூஞ்சி காட்ட மாட்டோம் சார்" என்றார் மானேஜர்.

"மூஞ்சியக் காட்டாம வேற எதக் காட்டுவீங்க?"

"முதுகு சார்" என்றார் அவர், அது ஏதோ பெரிய ஆறுதல் போல.

அடுக்களையில் அம்மா ஆப்பிளைக் கழுவிக்கொண்டே முணுமுணுத்தாள். அவள் பர்கூர்க்காரி. "ஓடறதுக்கு இன்னாத்துக்கு ஆப்பிளு? கெடா வெட்டறதுக்கு முன்னாடி எங்கூர்லயும் இப்டிதான் தழ போடுவாங்க."

அப்பா கடைசியில் சம்மதித்தார். அத்தையின் கம்பெனி அதிகாரியும் போன் செய்து சொன்னார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அது எப்படியும் அத்தையின் கடைசி ஓட்டம். சிங்காரப்பேட்டையில் உரக்கடை வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாம் பிடித்திருக்கிறது, அரைக்கால் சட்டை போட்டு ஓடுவது மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டார். இந்தப் போட்டி முடிந்ததும் ஸ்பைக்ஸ் ஷூ பரணுக்குப் போகும். அத்தை எதிர்த்துப் பேசவில்லை. "ஒரு தடவ வந்து பாத்துட்டு சொல்லுண்ணே" என்று மட்டும் கேட்டாள். அப்பா, "ஓடுறதுல பாக்கதுக்கு என்ன இருக்கு?" என்று எழுந்து போய்விட்டார். அன்று அத்தை சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னாள், நான் நம்பவில்லை.

சம்மதத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. ஒத்திகை நடக்கும் நாலு நாளும் அத்தையோடு நான் போக வேண்டும். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அங்கன போயி கண்ணத் தொறந்து வையி, வாய மூடு. வீட்டுக்கு வந்து வாயத் தொற. வெளங்குதா?"

விளங்கியது. இவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் எனக்குத் தந்ததில்லை.

ஓசூர் மைதானத்துக்கு ஒரு வேனில் ஏழு பேர் வந்திருந்தார்கள், டிரைவரையும் சேர்த்து. கதாநாயகன் பளபளவென்று வெள்ளை ஷூ போட்டிருந்தான். அந்த ஷூவோடு ஓட மாட்டான், மண்ணில் நடக்கவும் மாட்டான். உள்ளே விலைச்சீட்டு அப்படியே இருந்ததை முதல் நாளே கவனித்துவிட்டேன். படம் முடிந்ததும் கடைக்குத் திரும்பிப் போக வேண்டிய ஷூ. நாயகி நல்ல பெண். எனக்குக் கிரீம் பிஸ்கட் கொடுத்து, கன்னடத்தில் ஏதோ சொல்லி, கன்னத்தைக் கிள்ளினாள். அதனால் அவள் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

தினமும் சாயங்காலம் அப்பாவிடம் ரிப்போர்ட்.

"வெள்ள ஷூக்காரன் அத்தைக்கு எளநி வாங்கிக் குடுத்தான்."

"குடிச்சாளா?"

"குடிச்சா."

"முழுசாவா, பாதியா?"

இதை நான் பார்த்திருக்கவில்லை. அப்பா பெருமூச்சு விட்டார். அடுத்த நாள் இளநீரை அடிவரைக்கும் கவனித்தேன்.

இரண்டாம் நாள் நடந்ததை நன்றாகச் சொன்னதாக நினைத்தேன். அன்று கம்பெனியின் முதலுதவி அறையை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். கதாநாயகன் காலில் பெரிய மாவுக்கட்டோடு கட்டிலில் படுத்து, போனைக் காதில் வைத்து, "ஜெயிச்சிட்டியா?" என்று ஏழு தடவை கேட்டான். ஏழாவது தடவைதான் அவனுக்கு அழுகை வந்தது. டைரக்டர் கைதட்டினார்.

"யாருகிட்ட கேக்கான்?" என்றார் அப்பா.

"தெரியலப்பா."

"போன்ல அந்தப் பக்கம் ஆளு இருந்துச்சா?"

"தெரியலப்பா."

"அதத்தான் நீ பாத்திருக்கணும்" என்றார் அப்பா. எனக்கு அவமானமாகிவிட்டது.

மூன்றாம் நாளும் நாலாம் நாளும் உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை. அத்தை ஓடினாள், இளநீர் குடித்தாள், நாயகிக்குக் குனிந்து நிற்கச் சொல்லிக் கொடுத்தாள். வெள்ளை ஷூவைக் கடைசி நாள் காணவே காணோம். வேவு பார்க்கப் போனவளுக்கு விஷயமே கிடைக்கவில்லையென்றால் எப்படி இருக்கும்? அத்தை ஏதாவது தப்புச் செய்ய மாட்டாளா என்று நான் ஏங்கவே ஆரம்பித்துவிட்டேன்.

போட்டிக்கு முந்தைய நாள் மாலை என் ஏக்கம் தீர்ந்தது. அப்பா வெளியே ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை குளியலறையில் ஸ்பைக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவள் பேசுவது கேட்டது. மெதுவாகப் பேசினாலும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"ஆமா, கோட்டத் தாண்டுனதும் நேரா அவன் மேல போயி விழணுமாம். கட்டிப் புடிச்சிக்கணுமாம். அத்தன பேரு முன்னாடி! எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்."

நான் திரும்பி ஓடினேன். கூடத்தில் சார்ஜர் ஒயர் காலில் மாட்டியது. சார்ஜில் கிடந்த அத்தையின் போன் தொப்பென்று பாயில் விழுந்தது. அதை எடுத்து வைக்கக்கூட நிற்காமல் வாசலுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மறுநாள் காலை அத்தை கம்பெனி வேனில் போனாள். அவள் தலை மறைந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். ஷிஃப்டுக்குப் போகிற நீலச் சட்டையிலேயே இருந்தார். ஆனால் போனது ஷிஃப்டுக்கு அல்ல. எனக்கு நினைவு தெரிந்து அவர் லீவு போட்டது அதுதான் முதல் தடவை. கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். வழியெல்லாம் மாங்காய் லாரிகள். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி, "எங்கய்யா செத்த அன்னைக்கி என் கையில புடிச்சிக் குடுத்த புள்ளட்டி அது" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு அத்தை மேல் ஆத்திரமாக வந்தது.

மைதானத்தில் கொஞ்சம் கூட்டம் இருந்தது. கேமரா ஒன்றுதான். இன்னொரு கோணத்துக்கு மானேஜர் தன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா நேராக ஓட்டம் முடியும் கோட்டுக்குப் போனார். நீலச் சட்டையைப் பார்த்து ஏதோ கம்பெனி வாலண்டியர் என்று விட்டுவிட்டார்கள் போல. கோட்டுக்கு அந்தப் பக்கம், எட்டுத் தடங்களுக்கும் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, எங்க அவன்?"

தேடினேன். பந்தலுக்குப் பின்னால், ஆம்புலன்ஸுக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் எல்லாம் பார்த்தேன். வெள்ளை ஷூ எங்கும் இல்லை.

"ஒளிஞ்சிருக்கான்பா" என்றேன்.

"வரட்டும்" என்றார் அப்பா.

துப்பாக்கி வெடித்தது. அப்பா அப்போதும் ஓட்டத்தைப் பார்க்கவில்லை, கூட்டத்தில்தான் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் வளைவில் அத்தை நாலாவதாக வந்தாள். எதிர்ப்பக்கத்து நேர்ப்பாதையில் மூன்றாவது. பக்கத்தில் யாரோ, "அந்த மஞ்ச பனியனப் பாருய்யா, எப்டி போவுது!" என்று கத்தினார்கள். அப்பா திரும்பினார். அதற்கப்புறம் அவர் கண் வேறெங்கும் போகவில்லை.

கடைசி வளைவில் அத்தை இரண்டாவது. வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, வீட்டில் நான் பார்க்கிற அத்தையே இல்லை அவள். அப்பாவின் கட்டிய கை அவிழ்ந்தது. "வாட்டி!" என்றார் முதலில் மெதுவாக. பிறகு மைதானமே திரும்பிப் பார்க்கிற குரலில், "வாட்டி தாயி! விட்ராத! வா! வா!" என்று குதித்தார். என் அப்பா குதித்தார். கோட்டுக்கு ஐந்தாறு அடி இருக்கும்போது அத்தை முன்னால் இருந்தவளைத் தாண்டினாள். தாண்டிய வேகத்தில் நிற்காமல் வந்து அப்பா மேல் விழுந்தாள்.

பின்னால் டைரக்டர் தலையில் கைவைத்து, "யாருய்யா அந்த நீலச் சட்டை?" என்று அலறினார். அதுதான் அவர் பேசி நான் முதன்முதலாகக் கேட்டது. அத்தை அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஜெயித்தவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தலையில் வைத்தார், தோளில் வைத்தார். "மூச்சு வாங்குட்டி, மொதல்ல மூச்சு வாங்கு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நிஜப் போட்டியை மறுபடி ஓடச் சொல்ல முடியாதே. ஒரு வாரம் கழித்து மானேஜர் மறுபடியும் ஆப்பிளோடு வந்து, வேறு வழியில்லை, அப்பாவை நாயகியின் அண்ணன் ஆக்கிவிடுகிறோம் என்றார். அப்பா ஆப்பிளை முகர்ந்து பார்த்துவிட்டுச் சம்மதித்தார். படம் கிருஷ்ணகிரியில் மூன்று நாள் ஓடியது. கட்டிப்பிடிக்கிற சீன் அதில் இல்லை. அப்பாவுக்குப் பயந்து வெட்டிவிட்டார்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

சிங்காரப்பேட்டைக்காரர்கள் தேதி கேட்டு போன் செய்தபோது அப்பா, "அடுத்த மாசம் அவளுக்கு ஸ்டேட் மீட் இருக்கு, அவ ஓடட்டும்" என்றார். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஸ்பைக்ஸ் பரணுக்குப் போகவே இல்லை. அத்தை பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்குப் போய், தானே பார்த்து ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். அவளுடைய எல்லா மீட்டுக்கும் அப்பா போனார்.

போன மாதம் அந்தப் படம் தற்செயலாக என் போனில் வந்தது. உட்கார்ந்து பார்த்தேன். நாயகி கோட்டைத் தாண்டுகிறாள், நீலச் சட்டை அண்ணன் மேல் விழுகிறாள். அடுத்த காட்சியில் கதாநாயகன் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, "ஜெயிச்சிட்டியா?" என்கிறான். ஒத்திகையின் இரண்டாம் நாளே எடுத்த காட்சி. ஓட்டத்தன்று அவன் மைதானத்துக்கு வருவதாகக் கதையிலேயே இல்லை. அவன் வேலை முடிந்து, ஷூவையும் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டிருக்கிறான். அப்புறம்தான் கூடத்துப் பாயில் தொப்பென்று விழுந்த போன் நினைவுக்கு வந்தது. அத்தையிடம் இருந்தது அந்த ஒரே போன். அப்படியென்றால் குளியலறையில் அவள் பேசியது யாரிடம்?

ஞாயிற்றுக்கிழமை அத்தை குடும்பத்தோடு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அப்பா வழக்கம்போல அவள் வீட்டுக்காரரிடம் அந்தக் கதையை எடுத்தார். ஒளிந்திருந்த வெள்ளை ஷூக்காரன், தான் போய் மறித்து நின்றது, எல்லாம்.

"நான் மட்டும் அன்னைக்கி வரலன்னா என்ன ஆயிருக்கும்?"

"அதான்ணே" என்றாள் அத்தை, அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டே. "நீ மட்டும் வரலன்னா."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.