ஆளுக்கொரு பாஸ்வேர்ட்

2007-இல் தேனிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கட்டடத்துக்கு ஒரு ஸ்விட்ச். அந்தக் கட்டடத்தின் கணினிகளையெல்லாம் இணைக்கிற பெட்டி அது. பதினோரு ஸ்விட்சுக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே பாஸ்வேர்ட். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் அது தெரியும்.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம், தேர்வுக்குப் பதிவு செய்யும் நாளில் விடுதியில் இணைப்பு நின்றுவிட்டது. யாரோ ஸ்விட்சுக்குள் நுழைந்து விடுதிக்கு இணைப்புப் போகிற போர்ட்டை அணைத்திருந்தார்கள். யார் நுழைந்தார்கள் என்று ஸ்விட்ச் குறித்துவைக்கும் பதிவில், எல்லாருக்கும் பொதுவான 'அட்மின்' என்ற பெயர் மட்டும் இருந்தது. ஐந்தாறு பேரில் யாராகவும் இருக்கலாம். பழி லேப் உதவியாளர் அக்காமேல் விழுந்தது. சுருளிப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். அன்று காலை விடுதியில் ஸ்விட்ச் இருந்த அறையைத் திறந்தவர் அவர் என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

"கதவத் தொறந்து ஃபேனப் போட்டுட்டு வந்தேன், அம்புட்டுத்தான் மேடம். ஒரு வார்த்த கேக்காமலே முடிவு பண்ணிட்டாக," என்றார். அதன்பிறகு கீபோர்டைத் தொடுவதையே விட்டுவிட்டார். பழுது பார்ப்பதில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரர் அவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, யார் நுழைய வந்தாலும் அலுவலகத்திலிருக்கும் சர்வரைக் கேட்டே ஸ்விட்ச் விட வேண்டும் என்று அமைக்க முதல்வரிடம் அனுமதி வாங்கினேன்.

மாணவர்கள் வகுப்பில் இருந்த ஒரு முற்பகலில், அக்காவையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு விடுதி ஸ்விட்சில் தொடங்கினேன். சர்வரின் முகவரியையும், ஸ்விட்சும் சர்வரும் ஒன்றையொன்று நம்புவதற்கான ரகசியச் சொல்லையும் அடித்தேன். வெளியே வந்து மறுபடி நுழையப் பார்த்தேன். விடவில்லை. ரகசியச் சொல்லில் எங்கோ ஓர் எழுத்து பிசகியிருக்க வேண்டும். சர்வர் கிடைக்காவிட்டால் பழைய பாஸ்வேர்டையே ஏற்றுக்கொள் என்கிற வரியையும் போடாமல் விட்டிருந்தேன். திருத்தலாமென்றால் உள்ளே போக வழியில்லை. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன்.

பின்னால் நின்ற அக்கா மெல்லக் கேட்டார்: "சேவ் பண்ணிட்டீகளா?"

"இல்லக்கா."

"அப்பறம் எதுக்குப் பதறுறீக? கரண்ட்ட ஆஃப் பண்ணிப் போட்டா பழசே வந்துரும்ல?"

வந்தது. இரண்டாம் முறை அவர் எழுத்தெழுத்தாக வாசிக்க, நான் அடித்தேன். விட்டுப்போன வரியையும் சேர்த்தேன். இந்தத் தடவை உள்ளே விட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பி சர்வரில் அக்காவின் பெயரைச் சேர்த்து, பாஸ்வேர்டை அவரையே அடிக்கச் சொன்னேன்.

"கொஞ்சம் அங்கன திரும்பிக்கங்க மேடம்," என்றார் கண்டிப்பாக. திரும்பிக்கொண்டேன். சற்று நேரத்தில் அவர் விடுதி ஸ்விட்சுக்குள் நுழைந்தார். பதிவில் அவர் பெயரும் நேரமும் வந்து விழுந்தன. "எம் பேருதான்," என்று திரையில் விரல் வைத்துக் காட்டினார்.

மீதி ஸ்விட்சுகளை ஒரே வாரத்தில் இருவருமாக முடித்தோம். கடைசி மூன்றையும் அவரே அடித்தார். அன்று போர்ட்டை அணைத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அடுத்த பருவத்துத் தேர்வுப் பதிவு நாளில், "விடுதிப் பக்கம் அவுகளே பாத்துக்கிடட்டும்," என்று முதல்வர் அக்காவைத்தான் அனுப்பினார்.