அம்மாவின் புடவைகளில் ஒரு போர்வை

அம்மா போன பிறகு அவள் புடவைகள் என்னிடம் வந்தன. அப்பாவும் வந்தார்; நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். புடவைகள் பீரோவின் கீழ்த்தட்டில் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. நைனா அப்படி இல்லை.

பனிக்காலத்துக்கு முன்னால் முதியோர் இல்லத்துக்கு ஆளுக்கொரு போர்வை தைத்துக் கொடுப்பதென்று எங்கள் மகளிர் குழுவில் முடிவானது. சாலவாக்கம் போகிற வழியில் இருக்கிறது அந்த இல்லம். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். மிஷின் இருக்கிறது, அம்மாவின் நூல் புடவைகள் இருக்கின்றன, வெட்டி ஒட்டுப்போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நைனாவிடம் சொல்லிவிட்டுத்தான் கத்தரியை எடுத்தேன்.

"யாருக்கு?" என்றார்.

"முதியோர் இல்லத்துக்கு."

"ம்" என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி.

பச்சைக் கட்டம் போட்ட புடவையை விரித்தால், "அத்த வெட்டாத, வாலாஜாபாத்ல எடுத்தது." சரி, வேறொன்றை எடுத்தால், "இது நைலான் கலந்து கீது. வேர்த்துக் கொட்டும்." ஒருவழியாகத் தைத்து முடித்தால், "கால் பக்கம் மெல்லிசா கீதே, இன்னொரு மடிப்பு வெச்சா இன்னா?"

"தைக்கிறது நீயா நானா நைனா?"

"ஜில்லுனு ஏறும்மா. சொல்றத கேளு."

வாசலில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க ஆள் நிற்கிறது. இவர் போர்வையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து தையலை நிமிண்டிக்கொண்டிருக்கிறார். கால் பக்கத்தைப் பிரித்து மறுபடியும் தைத்தேன். இலவசமாகக் கொடுக்கிற போர்வைக்கு இத்தனை பேஜாரா என்று வாய்விட்டே புலம்பினேன்.

அதோடு விட்டாரா? "அங்க கட்டில் உண்டா, தரையா?" "ஜன்னல் கீதா?" "மாத்திர யாரு எடுத்துக் குடுப்பாங்கோ?" எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன அங்கே குடியிருந்தா பார்த்தேன்? எரிந்து விழுந்தேன். தையலைத் தடவிக்கொண்டே, "சோறு கொழைய வடிப்பாங்களா?" என்றார். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கொண்டுபோய்க் கொடுக்கிற நாளும் வந்தது. குழுக்காரிகள் ஷேர் ஆட்டோ பேசியிருந்தார்கள். "இத்தினி கேள்வி கேட்டியே, நீயே வந்து பாரு. கெளம்பு நைனா" என்றேன்.

அன்றைக்கு மனிதர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு ஜவுளிக்கடைப் பையோடு வந்து நின்றார். பிடுங்கிப் பார்த்தேன். இரண்டு வேட்டி, மப்ளர், சவர டப்பா, மாத்திரைகள்.

"இது இன்னாத்துக்கு?"

"அங்க வேணுமில்ல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் சீரோடு வைத்து அனுப்புவார்கள். வீட்டில் படுக்கை தயாராகிறது என்றால் யாரோ கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். எனக்குப் பஞ்சு வாங்கி மெத்தை தைத்து அனுப்பியவரே இவர்தான். மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற கூச்சம் வேறு அவருக்கு எப்போதும் உண்டு. என் முதல் பதிலிலேயே கணக்குப் போட்டுவிட்டார். தான் போர்த்திக்கொள்ளப் போகிற போர்வைக்குத்தான் இத்தனை நாளும் நொட்டை சொல்லியிருக்கிறார்.

"உன்ன கொண்டுபோய் வுடறேன்னு நான் எப்ப சொன்னேன்? வாய தொறந்து கேட்டா இன்னா?" என்று கத்தினேன்.

"சத்தம் போடாத. மாப்பிள்ளகிட்ட சண்டைக்குப் போவாத. அவரு நல்ல மனுசன்."

என் வீட்டுக்காரருக்கு இந்தப் போர்வை விஷயமே சரியாகத் தெரியாது. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. போர்வையை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பையிலிருந்த வேட்டிகளை எடுத்துக் கொடியில் போட்டேன்.

மத்தியானம் சோறு போட்டேன். தலைகுனிந்து சாப்பிட்டார். குழம்பில் உப்பு தூக்கல்; அதைக்கூடச் சொல்லவில்லை. கை கழுவும்போது மெதுவாகக் கேட்டார்:

"அப்ப ராத்திரிக்கும் இங்கதானா?"

"இங்கதான் நைனா! வேற எங்க?" என்று நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.