மூங்கிலின் கடைசியில் அத்தான்

எங்கள் வீட்டுச் சமையலறை இழுப்பறையில், அகப்பைகளுக்கும் பழைய கத்திகளுக்கும் நடுவே ஒரு சோடி மரக் குச்சிகள் கிடக்கின்றன. மேல்முனையில் இரண்டையும் சேர்த்து ஒரு ரப்பர் வளையம் போடப்பட்டிருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, குச்சிகள் ஒட்டிக்கொள்ளாதபடி, சுருட்டிய கடதாசித் துண்டு ஒன்று செருகியிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் நூடில்ஸ் எடுத்துச் சாப்பிடப் பழகும்போது ஜப்பானியர்கள் இப்படித்தான் கட்டிக் கொடுப்பார்களாம். ஆனால் இவற்றால் சாப்பிட்டவர் சின்னப் பிள்ளை அல்ல. லண்டன் வீதிகளில் சிவப்பு பஸ் ஓட்டித் தலை நரைத்தவர். என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான்.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது லண்டன் கிங்ஸ்பரியில் இருந்த அவர்களுடைய வீட்டுக்குத்தான் வந்தேன். மாடியில் ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் மட்டுமே கொள்ளக்கூடிய அறை எனக்கானது. கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. நான் கல்யாணம் செய்யவில்லை, வேறு வீடும் பார்க்கவில்லை, அப்படியே தங்கிவிட்டேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன், ஆங்கிலம் பேசக் கூச்சப்படுகிறவன். தமிழ் பேசவும் கூச்சப்படுகிறவன்தான் என்று அத்தான் சொல்லுவார். எல்லாவற்றிலும் பெரிய கூச்சம் எனக்குச் சாப்பாட்டு மேசையில். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கை தானாகவே நின்றுவிடும். கறிச் சட்டி என் பக்கம் வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவேன். "என்ன மச்சான், குருவி மாதிரிக் கொறிக்கிறாய்? வெக்கப்பட்டா வயிறு நிறையுமோ?" என்பார் அத்தான். பஸ்ஸின் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கிற குரல் அவருக்கு. சொல்லிவிட்டு வற்புறுத்தமாட்டார். ஆனால் சோற்றைக் கிளறினால் அடியில் ஒரு பெரிய மீன் துண்டு இருக்கும். நான் கை கழுவப் போன நேரத்தில் ஒளித்து வைத்திருப்பார். தட்டில் வந்துவிட்டதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? சாப்பிட்டுவிடுவேன். அவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டு பஸ் கதை சொல்லுவார். எத்தனையோ வருடங்களாக இது நடந்தது. இருவரும் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அப்படிச் சாப்பிட வைத்த மனிதருக்குத் தொண்டையில் புற்று வருத்தம் வந்தது. கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். நோய் போய்விட்டது என்று டாக்டர்மார் சொன்னார்கள். ஆனால் போகும்போது அவருடைய வாயின் ஈரத்தையும் நாக்கின் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோறு தொண்டையில் ஒட்டியது. பாண் ரொட்டி பஞ்சு மாதிரி அடைத்தது. மிளகாய்த் தூளின் வாசம் பட்டாலே வாய் எரிந்தது. இரண்டு வாய் வைத்தால் ஒரு இருமல். இருமினால் கண்ணில் தண்ணீர். கல்யாண வீடுகளில் மூன்றாம் முறை சோறு வாங்கி ஊரையே சிரிக்க வைத்தவர், தன் வீட்டு மேசையிலேயே எங்களோடு இருக்க மறுத்தார். நாங்கள் சாப்பிட்டு முடிந்த பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் நின்றபடி எதையோ விழுங்குவார். கதவுக்கு வெளியே அக்கா நிற்பாள். உள்ளே இருமல் கேட்டால் கைப்பிடியைப் பிடிப்பாள், பிறகு விட்டுவிடுவாள்.

அந்தக் கோடையில் ஆஸ்பத்திரியில் ஒரு முடிவு சொன்னார்கள். அடுத்த கிழமை வரும்போது எடை இன்னும் இறங்கியிருந்தால், வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துத்தான் உணவு கொடுக்க வேண்டும். அத்தான் அதைக் கேட்டுச் சிரித்தார். "பஸ்ஸுக்கு டீசல் அடிக்கிற மாதிரி எனக்கும் அடிக்கப் போறாங்கள்," என்றார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே வெகுநேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

அக்காவின் மகள்தான் இந்த ஜப்பான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண், குளிரானது, மெல்லியது, வழுக்கிக்கொண்டு போவது எதையாவது கொடுத்துப் பாருங்கள் என்று சொன்னதை மனதில் வைத்துக்கொண்டே தேடியிருக்கிறாள். "அப்பா, ஆக்டன் பக்கத்திலை ஜாப்பனீஸ் ஆக்கள் செய்யினம். மூங்கிலுக்குள்ளாலை தண்ணி ஓடும். அதிலை நூடில்ஸ் மிதந்து வரும். நாங்கள் பிடிச்சுச் சாப்பிடவேணும். It's fun, அப்பா."

"ஓடி வாறதைப் பிடிக்கிற வயசே எனக்கு? இருக்கிறதையே விழுங்க ஏலாமல் கிடக்கு," என்றார் அத்தான்.

"நாலு பேருக்கும் காசு கட்டிட்டன்."

அது அவரிடம் வேலை செய்தது. கட்டிய காசு வீணாகப் போவதை அவரால் தாங்கமுடியாது.

அந்த வாரச் சனிக்கிழமை, லண்டனில் அபூர்வமாக வருகிற கொளுத்தும் வெயிலில், மகளின் சின்னக் காரில் புறப்பட்டோம். அக்கா விடியவே எழும்பி இடியப்பம் அவித்து, தேங்காய்ப்பால் சொதியைப் பிளாஸ்கில் ஊற்றி, பெரிய பையில் அடுக்கிக்கொண்டு வந்தாள். "சாப்பிடத்தானே அம்மா போறம்?" என்று மகள் கேட்டாள். "அது அவையின்ரை சாப்பாடு. பசிச்சால் என்ன செய்யிறது?" என்றாள் அக்கா. எங்கள் ஆட்கள் எந்த விருந்துக்குப் போனாலும் காரின் பின்பக்கத்தில் ஒரு சாப்பாட்டுப் பை இருக்கும். அத்தான் முன் இருக்கையில் தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்தபடி, ஒவ்வொரு பஸ் நிறுத்தத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு டிரைவர் நிறுத்தத்தை விட்டுத் தள்ளி பஸ்ஸை நிறுத்தியதற்கு மட்டும் உச்சுக் கொட்டினார்.

இடம் ஒரு மண்டபத்தின் பின்தோட்டம். பச்சை மூங்கிலை நீளமாக இரண்டாகப் பிளந்து, உள்ளே கணுக்களைச் செதுக்கி எடுத்து, குறுக்குக் கால்களில் சரிவாகத் தூக்கி வைத்திருந்தார்கள். மேல்முனையில் ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் விழுந்து மூங்கிலுக்குள் ஓடியது. கீழ்முனையில் ஒரு வாளி. அதன் மேல் ஒரு கூடை. தலையில் துணி கட்டிய ஜப்பானிய அம்மா ஒருவர் மேல்முனையில் நின்று, நூல்போல மெல்லிய வெள்ளை நூடில்ஸைப் பிடி பிடியாகத் தண்ணீரில் விட்டார். ஒரு நேரத்தில் ஒரு குடும்பம்தான் நிற்கலாம். நூடில்ஸைத் தோய்த்துச் சாப்பிட ஆளுக்கொரு கிண்ணத்தில் கறுப்பாக ஒரு குழம்பு. அத்தானுடைய கிண்ணத்தில் மகள் பாதிக்கு மேல் தண்ணீர் கலந்தாள், உப்பு வாயை எரிக்காமலிருக்க. குச்சி பிடிக்கத் தெரியாமல் அவர் தடுமாறியதைப் பார்த்து, ஜப்பானிய அம்மா தன் ஏப்ரன் பையிலிருந்து ரப்பர் வளையம் ஒன்றை எடுத்துக் கட்டிக் கொடுத்தார்.

யார் எங்கே நிற்பது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பெரியவர் முதலில். அத்தானை மேல்முனையில் நிறுத்தினோம். அடுத்து மகள், பிறகு அக்கா. கடைசியில், கூடைக்குப் பக்கத்தில், கூச்சப்படுகிறவனின் வழக்கமான இடத்தில் நான்.

முதல் பிடி வந்தது. வெயிலில் அது மீன்குஞ்சுக் கூட்டம் மாதிரி மினுங்கிக்கொண்டு வந்தது. அத்தான் குச்சியை நீட்டவில்லை. நாங்கள் மூன்று பேரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "பிள்ளை எடுக்கட்டும்," என்றார். மகள், "அம்மா, you take," என்று விட்டாள். கணவன் வாயில் வைக்காததை அக்கா எப்படி எடுப்பாள்? அவளும் விட்டாள். மூன்று பேர் சாப்பிடாமல் நிற்கும்போது நான் எப்படி எடுப்பது? நூடில்ஸ் கூடையில் விழுந்தது. இரண்டாவது பிடியும் அப்படியே. அடுத்ததும், அதற்கடுத்ததும். "நீங்கள் எடுங்கோவன்," "இல்லை, நீ எடு," "தம்பி, நீயாவது எடடா" என்று குரல்கள் மட்டும் மேலும் கீழும் ஓடின.

ஜப்பானிய அம்மா கீழே இறங்கி வந்து கூடையை எட்டிப் பார்த்தார். அது நிறைந்திருந்தது. எங்களுடைய கிண்ணங்களைப் பார்த்தார். குழம்பு ஊற்றியபடியே இருந்தது. "இன்றைக்கு என் கூடைதான் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது," என்றார் ஆங்கிலத்தில், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அத்தான் சிரித்துவிட்டார். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. சிரித்ததில் இருமல் வந்தது, தண்ணீர் குடித்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். பழைய மீன்துண்டுப் பார்வை.

"பிழை எங்கை தெரியுமே? இவன் கடைசியிலை நிண்டால் சீவியத்திலை சாப்பிடமாட்டான். மச்சான், நீ மேலை வா. நான் அங்கை நிக்கிறன்."

"இஞ்சாருங்கோ, நீங்கள் போய்க் கடைசியிலை..." என்று அக்கா தொடங்கினாள்.

"கூடைக்குத் துணை வேணும்," என்று சொல்லிக்கொண்டே கீழே நடந்தார்.

நான் மேலே போனேன். முகம் சூடேறியது. ஒரு பிடி வந்தது. மூன்று பேருக்கு முன்னால் குச்சியை விட்டேன். நாலைந்து இழைதான் அகப்பட்டது. வாயில் வைத்தேன். பனிக்கட்டிபோலக் குளிர்ந்து, மெல்லுவதற்கு முன்பே வழுக்கி உள்ளே போய்விட்டது. எங்கள் மூவருடைய முகங்களும் இப்போது மேலே, தண்ணீர் வருகிற பக்கம் இருந்தன. அத்தான் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிண்ணத்தோடு வாயை வைத்து உறிஞ்சுகிற நீண்ட சத்தம். கல்யாண வீட்டில் பாயாசம் குடிக்கும்போது அத்தான் போடுகிற அதே சத்தம். நான் இருமலுக்காகக் காத்திருந்தேன். இருமல் வரவில்லை. இன்னொரு உறிஞ்சல் வந்தது. மகளின் தலை மெல்லத் திரும்பப் போவது என் கடைக்கண்ணில் பட்டது.

"திரும்பிப் பாக்காதை," என்றாள் அக்கா. உதடு அசையாமல் சொன்னாள். அவள் கண்கள் ரப்பர் குழாயிலேயே இருந்தன. கன்னம் முழுக்க ஈரம்.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் செய்ததை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. நான் ஒரு பிடியில் இரண்டு இழை எடுத்தேன். மகள் குச்சியைத் தண்ணீரில் அடித்து, "ஐயோ, missed it!" என்று கத்தினாள். அக்கா பிடித்ததையும் நழுவவிட்டாள். இவ்வளவு நேரமும் மரியாதைக்காக விட்டதை இப்போது களவாக விட்டோம். கீழே சத்தம் தொடர்ந்தது. ஜப்பானிய அம்மாவுக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். பிடிகளைச் சின்னதாக்கி, நேரமெடுத்து விட்டார். எங்கள் முறை முடிந்த பிறகும் அடுத்த குடும்பத்தைக் கூப்பிட அவர் அவசரப்படவில்லை.

கடைசியில் கீழேயிருந்து குரல் வந்தது. கரகரத்த குரல்தான், ஆனால் பஸ்ஸின் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கிற குரல். "மூண்டு பேருக்கும் கண் தெரியேல்லையோ? எல்லாத்தையும் இஞ்சை விடுறியள்! எனக்கு வயிறு வெடிக்கப் போகுது!"

அப்போதுதான் திரும்பினோம். கிண்ணம் வழித்துத் துடைத்ததுபோல் இருந்தது. கூடையில் புதிதாக ஒரு இழைகூட விழுந்திருக்கவில்லை. சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்து, மீசையில் ஒரு வெள்ளை இழை தொங்க, ரப்பர் வளையம் போட்ட குச்சியைப் பிடித்தபடி நின்றார் அத்தான். கார் தரிப்பிடத்தில் அக்காவின் இடியப்பப் பையை நானும் மகளும் காலி செய்தோம். எனக்கு உண்மையிலேயே பசி.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் எடை இறங்கியிருக்கவில்லை. ஏறவும் இல்லைத்தான். அதற்குள் அக்கா வீட்டில் தினமும் அந்த மெல்லிய நூடில்ஸை அவித்துக் குளிர்ந்த நீரில் அலசிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழாய் வைப்பதைத் தள்ளி வைத்தார்கள். இன்னொரு முறையும் தள்ளி வைத்தார்கள். பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. குளிர்நீருக்குப் பதில் ஆறிய சொதி வந்தது. சொதிக்குள் இடியப்பம் வந்தது. இன்னொன்றும் மாறியது. அத்தான் மேசையின் தலைப்பக்கத்திலிருந்து கடைசிக் கதிரைக்கு இடம் மாறினார். நாங்கள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்து சாப்பிடப் பழகினோம். பக்கத்து வீட்டுப் பூனை மதிலில் நடப்பதைப் பற்றி, மழையைப் பற்றி ஏதாவது பேசுவோம். பின்னால் உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். சமையலறைக் கதவு அதற்குப் பிறகு சாத்தப்படவில்லை.

என்னை மேலே அனுப்பியது எனக்காகவா, தனக்காகவா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மறுபக்கம் பார்த்து ஒரு பஸ் கதை சொல்லியிருப்பார். பல கோடைகள் அவர் எங்களோடு இருந்து சாப்பிட்டார். போனது தொண்டை வருத்தத்தால் அல்ல. ஒரு மத்தியானம், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்த தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. கல்யாணம் செய்து ஸ்ட்ரெதமில் இருக்கும் மகள் வந்திருந்தாள். அக்கா ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் பனிக்கட்டி போட்டு நூடில்ஸ் வைத்தாள். கரண்டி எடுக்க இழுப்பறையைத் திறந்தபோது குச்சிகள் கையில் பட்டன. ரப்பர் வளையம் உக்கிப்போய், தொட்டதும் அறுந்தது. கொத்தமல்லிக் கட்டில் இருந்த வளையத்தைக் கழற்றி அந்த இடத்தில் போட்டேன். கடதாசித் துண்டு பழையதுதான்.

கிண்ணம் அக்காவிடமிருந்து மகளுக்குப் போனது, மகளிடமிருந்து அக்காவுக்குத் திரும்பியது, அங்கிருந்து என் பக்கம் வந்தது. யாரும் தொடவில்லை. அத்தான் போன பிறகு அந்தக் கடைசிக் கதிரையில் நான்தான் இருக்கிறேன். கிண்ணத்தைத் தள்ளிவிடக் கை எழுந்தது. பிறகு குச்சியை விட்டு ஒரு பெரிய பிடியாக எடுத்து, என் கோப்பையில் போட்டு, அதோடு வாயை வைத்து உறிஞ்சினேன். என்னையறியாமல் அந்தச் சத்தம் வந்துவிட்டது.

மகளின் தலை என் பக்கம் அசைந்தது. அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் பாக்காதை," என்றாள்.